டீச்சரிடம் கேளுங்கள்: கடைசிப் பரீட்சைக்குப் பதிலாக என்ன வைக்கலாம்?

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "மூன்று மணி நேரப் பரீட்சை ஒன்றை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குப் பிரெஞ்சு வரும், வராது என்று முடிவு கட்டாதீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாதி. ஆதரித்து எழுதியவர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. பாளையங்கோட்டையில் 31 வருஷம் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். இப்போது பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. ஜெர்மனி போக நினைக்கும் நர்ஸ் பிள்ளைகளும் வருகிறார்கள். எனக்கு இது மனசுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் இந்த இதழை முழுக்க இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் பிரெஞ்சு எடுக்கிறேன், டீச்சர். வெளித்தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25. வெளித்தேர்வை நான் தொடவே முடியாது. வகுப்பில் 60 பேர். இதில் நான் எதை மாற்ற முடியும்?
(கௌரவ விரிவுரையாளர், திருநெல்வேலி டவுன்)

பதில்: அந்த 25-ஐ மாற்றலாம். நானும் அதைத்தான் மாற்றினேன். இரண்டு எழுத்துத் தேர்வு கட்டாயம் என்று உங்கள் கல்லூரி சொன்னால், அசைன்மென்ட், செமினார் என்று மிச்சம் இருக்கும் பகுதியையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது இதுதான். செமஸ்டரின் கடைசி இரண்டு வாரமும் நான் ஒரு பிரெஞ்சுக்காரி. இன்று காலை ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கியிருக்கிறேன். தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வந்து எனக்கு ஒரு இடத்தைக் காட்டவேண்டும். வகுப்பறையிலேயேதான், கையில் நாலைந்து போட்டோவோடு. இடம் அவர்கள் இஷ்டம். முதல் வருஷம் நெல்லையப்பர் கோவில் இசைத்தூண்களையும் தாமிர சபையையும் ஆறு ஜோடி எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு இடத்தை ஒரு ஜோடிதான் எடுக்கலாம் என்று வைத்தேன். அதற்குப் பிறகு பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் வந்தது, மேலப்பாளையம் மாட்டுச்சந்தை வந்தது, குறுக்குத்துறையில் வெள்ளம் வந்தால் முருகன் கோவில் தண்ணீருக்குள் போவது வந்தது.

நடுவில் நான் குறுக்கே கேட்பேன். "டிக்கெட் உண்டா?", "செருப்பை எங்கே விட வேண்டும்?", "இது எத்தனை வருஷத்துக் கட்டடம்?" மனப்பாடம் செய்துவந்த பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும். மொழி வந்த பிள்ளை ஒரு நிமிஷம் யோசித்து ஏதாவது சொல்லும்.

பத்தமடையிலிருந்து வந்த ஒரு பெண்ணை நான் மறக்கவே மாட்டேன். எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு 38 வாங்கியவள். அவள் வீட்டில் பாய் நெய்கிறார்கள். தன் வீட்டையே எனக்குக் காட்டினாள். கோரைக்குப் பிரெஞ்சில் என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியவில்லை. சட்டென்று "ஆற்றங்கரையில் வளரும் புல்" என்று பிரெஞ்சில் சொன்னாள். அதைக் காயவைப்பதையும், ஊறவைப்பதையும், மெல்லிசாகக் கிழிப்பதையும் கையாலும் வாயாலுமாகச் சொல்லி முடித்தாள். இரண்டு இடத்தில் வினைச்சொல் தப்பு. ஆனால் எட்டு நிமிஷமும் எனக்கு எல்லாம் புரிந்தது. தெரியாத வார்த்தையைத் தெரிந்த வார்த்தையால் சுற்றி வளைத்துச் சொல்லும் அந்தத் திறமைதான் வெளியூரில் ஒரு மனுஷியைக் காப்பாற்றும். அதற்கு எந்தக் கேள்வித்தாளிலும் மார்க் இல்லை.

60 பேர் என்றால் 30 ஜோடி. ஜோடிக்கு 8 நிமிஷம். 50 நிமிஷ வகுப்பில் 5 ஜோடி முடியும், ஆறு வகுப்பில் எல்லோரும் முடிந்துவிடுவார்கள். மற்றவர்கள் சும்மா இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஜோடியிடமும் கேட்க ஒரு கேள்வியைத் தாளில் எழுதித் தரவேண்டும்.

மார்க்கை முதல் வாரமே கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். என் கணக்கு பத்துக்கு: சொன்னது புரிந்ததா என்பதற்கு 4, கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்பதற்கு 3, சொல்வளத்துக்கு 2, இலக்கணத்துக்கு 1. இலக்கணத்துக்கு ஒன்றுதானா என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். இலக்கணத்துக்கு அந்தப் பக்கம் 75 மார்க் காத்திருக்கிறதே.

கேள்வி: நான் 35 வருஷம் தலைமையாசிரியராக இருந்தவன். பரீட்சை பயம் இல்லாவிட்டால் எந்தப் பையன் புத்தகத்தைத் திறப்பான்? நீங்கள் சொல்வது பிள்ளைகளைக் கெடுக்கும்.
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: ஐயா, பரீட்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு பெரிய பரீட்சைக்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள் என்கிறேன். என் வகுப்பில் திங்கட்கிழமை முதல் 10 நிமிஷம் ஐந்து வாக்கியம். மூன்று போன வாரப் பாடத்தில், இரண்டு எப்போதோ நடத்திய பாடத்தில். பழையது எது வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒன்றை விட்டு விட்டுப் பலமுறை நினைவுக்குக் கொண்டுவந்தால்தான் அது மனசில் நிற்கும். கடைசி நாலு நாள் ராத்திரி முழித்துப் படித்தது, ஹாலைவிட்டு வெளியே வரும்போதே பாதி போய்விடும். இதை உங்கள் சர்வீஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் எம்.ஏ. பிரெஞ்சில் முதல் வகுப்பு. தபால் வழியில் படித்து, இரண்டு வருஷமும் எழுத்துத் தேர்வு மட்டும் எழுதி வாங்கினது. ஒருவர்கூட என்னிடம் பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷம் புதுச்சேரி போனேன். கடற்கரைச் சாலையில் ஒரு வயதான பிரெஞ்சு அம்மா, தபால் ஆபீஸ் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது இன்னதென்று எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்த பிறகும் "நேராகப் போய் இடது பக்கம் திரும்புங்கள்" என்ற ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை. கையைக் காட்டினேன். அன்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்து அழுதேன். என் மாணவிகளை நானும் அப்படித்தான் தயார்ப்படுத்திக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வருஷமே பாடம் நடத்தும் முறையை மாற்றினேன்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் மொழிகளுக்கான பொது அளவுகோல் ஒன்றை வெளியிட்டது. ஏ1-லிருந்து சி2 வரை ஆறு படி. ஒவ்வொரு படியிலும் அவர்கள் எழுதியிருப்பது, அந்தப் படியில் இருப்பவரால் அந்த மொழியில் என்ன செய்ய முடியும் என்பதைத்தான். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியுமா, கடையில் வேண்டியதைக் கேட்டு வாங்க முடியுமா என்று போகும் அந்தப் பட்டியல். ஐயா அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பயத்துக்குப் பதிலாக அந்தப் பட்டியலைப் பையன் கையில் கொடுத்தால், எது முடிகிறது, எது இன்னும் முடியவில்லை என்று அவனே டிக் அடித்துக்கொள்வான். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பள்ளியில் பிரெஞ்சு எடுக்கிறேன். வீட்டில் எழுதிவரச் சொன்னால் எல்லாப் பிள்ளையும் ஃபோனில் மொழிபெயர்த்துக் கொண்டுவருகிறது. தப்பே இல்லாத கட்டுரையை வைத்துக்கொண்டு நான் என்ன மார்க் போடுவது?
(ஆசிரியை, வண்ணார்பேட்டை)

பதில்: வீட்டில் எழுதிவருவதற்கு மார்க் போடுவதை நிறுத்திவிடுங்கள். எழுத்து வேலை எல்லாம் வகுப்பிலேயே, கையால். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். முதல் தாளில் தப்பு இருக்கும் இடத்தில் பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள், நீங்கள் திருத்தாதீர்கள். அடுத்த வகுப்பில் பிள்ளையே திருத்தி இரண்டாவது தாளில் எழுதட்டும். இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து ஃபைலில் வையுங்கள். மார்க் முதல் தாளுக்கு இல்லை. முதலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் பிள்ளை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதற்குத்தான். வருஷக் கடைசியில் ஃபைலைப் புரட்டினால் பெற்றோருக்கும் தெரியும்.

தலைப்பு நம் வீட்டு விஷயமாக இருக்கட்டும். நான் வருஷா வருஷம் அல்வா கிண்டுவதை எழுதச் சொல்வேன். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்ட வேண்டும். பிரெஞ்சில் எண்ண முடியாத பொருளுக்கு முன்னால் 'கொஞ்சம்' என்கிற அர்த்தத்தில் ஒரு சின்னச் சொல் சேர்த்துதான் சொல்வார்கள். ஆண்பாலுக்கு 'து', பெண்பாலுக்கு 'த லா'. நம் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறும் இடம் அது. கோதுமை, சர்க்கரை, நெய், தண்ணீர் என்று ஒரு அல்வாவுக்குள் அந்தப் பாடத்தில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. உயிரெழுத்துக்கு முன்னால் அந்தச் சொல் மாறும் என்பதைத் தண்ணீர் சொல்லிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஜூன் மாதம் ஒரு நிமிஷம் தன்னைப் பற்றிப் பேசி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். பிப்ரவரியில் மறுபடியும் அதே தலைப்பு. இரண்டையும் அடுத்தடுத்து அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்கள். என் வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், ஜூன்ல பேசுனது நானா?" என்று கேட்டான்.

கேள்வி: நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனி போக பி2 வேண்டும் என்கிறார்கள். நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் நாள் முழுக்க மாதிரித் தாள்தான் போடுகிறோம். வாசிப்பில் தேறிவிட்டேன். பேசுவதில் இரண்டு முறை போய்விட்டது. எனக்கு மாற்று வழி ஏதாவது உண்டா?
(நாங்குநேரி வாசகி)

பதில்: தங்கச்சி, உங்களுக்கு அந்தப் பரீட்சையைத் தவிர்க்க வழி கிடையாது. அதை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கதே நிறுவனத்தின் பி2-ல் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நாலும் தனித்தனிப் பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். போன பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். அதனால் மற்ற மாதிரித் தாள்களை மூடி வைத்துவிட்டுப் பேச்சில் உட்காருங்கள்.

அந்தப் பேச்சுத் தேர்வில் இரண்டு வேலைதான். ஒரு தலைப்பில் கொஞ்ச நேரம் பேச வேண்டும். அப்புறம் எதிரில் இருப்பவரோடு ஒரு விஷயத்தை வாதிக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து தாள் போட்டால் இந்த இரண்டாவது வேலை வரவே வராது, கூட ஒரு ஆள் வேண்டும். எங்கள் மாடியில் நர்ஸ் பிள்ளைகள் மாதக் கடைசியில் எழுதுவது கிடையாது. டூட்டி மாறுகிற நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை இரவு டூட்டி முடித்துப் போகிறாள், இன்னொருத்தி வருகிறாள். மூன்று நோயாளியைப் பற்றி ஜெர்மனில் ஒப்படைக்க வேண்டும். யாருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, யார் சாப்பிடவில்லை, டாக்டர் என்ன மாற்றி எழுதினார் என்று சொல்ல வேண்டும். வருகிறவள் புரியாததைக் கேட்டாக வேண்டும், தலையாட்டினால் மார்க் இல்லை. உங்களுக்கு அந்த வேலை தெரியும், மொழி மட்டும்தான் புதுசு. தெரிந்த வேலையைப் புது மொழியில் செய்யும்போது வாய் சீக்கிரம் திறக்கிறது. ஜெர்மனியின் சில மாநிலங்களில் மருத்துவப் பணி மொழிக்கென்றே தனித்தேர்வும் கேட்கிறார்கள். இந்தப் பழக்கம் அங்கேயும் உதவும்.

கூடப் படிக்கும் ஒருவரைப் பிடித்துத் தினமும் ராத்திரி 15 நிமிஷம் ஃபோனில் ஜெர்மன் மட்டும் பேசுங்கள். மூன்று மாசம் கழித்து எனக்குக் கடிதம் போடுங்கள்.

கேள்வி: ஜப்பானிய மொழித் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் என்4 நிலை தேறிவிட்டேன். இன்டர்வியூவில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. என் தப்பா, பரீட்சையின் தப்பா?
(தென்காசி வாசகர்)

பதில்: ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சும் கிடையாது, எழுதுவதும் கிடையாது. கொடுத்த விடையில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். அது அளக்காத ஒன்று உங்களிடம் இல்லை, அவ்வளவே. என்3-க்கு ஓடுவதற்கு முன்னால் ஆறு மாதம் பேசப் பழகுங்கள், தம்பி.

கேள்வி: வாய்மொழித் தேர்வு என்றால் டீச்சருக்குப் பிடித்த பிள்ளைக்கு மார்க் போய்விடாதா?
(ஒரு தாய், சங்கரன்கோவில்)

பதில்: போகும். எந்த ஆசிரியையும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தாளில் நம்பரை மட்டும் பார்த்துத் திருத்தலாம், எதிரில் நிற்கும் முகத்தை மறைக்க முடியாது. முன் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்த முகமாகப் பேசும் பிள்ளைக்கு என் கையே அரை மார்க் கூடப் போட்டதை நான் கண்டுபிடித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சையும் பதிவு செய்தேன். பக்கத்துக் கல்லூரிப் பிரெஞ்சு ஆசிரியை ஒருவருக்குப் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு அனுப்புவேன், அவர்கள் பிள்ளைகளின் பதிவை நான் கேட்பேன். இருவர் மார்க்கும் பத்துக்கு இரண்டுக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஃபோனில் பேசித் தீர்ப்போம். பதிவு இருப்பதால் பிள்ளை வந்து "எனக்கு ஏன் 5?" என்று கேட்டாலும் போட்டுக் காட்டிச் சொல்ல முடிகிறது. உங்கள் மகளின் பள்ளியில் பதிவு செய்கிறார்களா, மார்க் எதெதற்கு என்று முன்கூட்டியே சொல்கிறார்களா என்று கேளுங்கள், அம்மா. கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: நம் பக்கத்துக்கு வந்து தமிழ் படித்த வெள்ளைக்காரர்கள் எந்தப் பரீட்சை எழுதினார்கள்?
(சாத்தான்குளம் வாசகர்)

பதில்: பரீட்சை எழுதியவர்களும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எல்லீஸ் முன்னின்று 1812-ல் சென்னையில் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு நம் மொழிகளைக் கற்றுக்கொடுத்துத் தேர்வும் வைத்தது. ஆனால் நம் சீமையில் தமிழில் ஊறிப்போனவர்களுக்கு வேறு மாதிரிப் பரீட்சை. புன்னைக்காயலில் பரதவ மக்களோடு வாழ்ந்த போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் 1578-ல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். பாளையங்கோட்டைக்கு 1820-ல் வந்த ரேனியஸ் ஜெர்மானியர், தமிழுக்கு இலக்கணமே எழுதினார். கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்தார், 1856-ல் ஒப்பிலக்கணம் வந்தது. போப் தமிழோடு பழகியது சாயர்புரத்தில். பாதிரியார்களான இவர்கள், எதிரில் தரையில் உட்கார்ந்திருக்கும் பனையேறிக்கும் மீன்காரிக்கும் புரியும்படி ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசியாக வேண்டும். புரியவில்லையென்றால் அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும். ஒரு ஜெர்மானியர் பாளையங்கோட்டையில் தமிழ் படித்தார், இப்போது நம் பிள்ளைகள் அதே ஊரில் உட்கார்ந்து ஜெர்மன் படிக்கிறார்கள் என்பதை என் வகுப்பில் முதல் நாளே சொல்வேன்.

கேள்வி: எனக்குத் திக்குவாய். எழுத்துத் தேர்வில் எப்போதும் நல்ல மார்க் வாங்குவேன். நீங்கள் சொல்வதுபோல எல்லாரும் பேச வைத்தால் என் நிலைமை என்ன? தயவுசெய்து என் பெயரைப் போடாதீர்கள்.
(கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்)

பதில்: தம்பி, உன் கடிதத்தை நான் நாலு தடவை வாசித்தேன். மேலே எழுதியதெல்லாம் உன்னை விட்டுவிட்டு எழுதினதுபோல எனக்கே பட்டது.

உன்னைப்போல ஒரு பிள்ளை என் வகுப்பிலும் இருந்தான். முதல் வருஷம் நான் அவனையும் எல்லோர் முன்னாலும் நிறுத்தினேன். அது என் தவறு. மறுவருஷம் மூன்று வழி சொல்லி அவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வீட்டில் தனியாக எத்தனை முறை வேண்டுமானாலும் பதிவு செய்து, நல்லதாகப் பட்டதை அனுப்பலாம். அல்லது என்னோடு தனி அறையில், கடிகாரம் இல்லாமல் பேசலாம். அதுவும் முடியாவிட்டால் நான் எழுதிக் கேட்க, அவன் உடனுக்குடனே எழுதிப் பதில் சொல்லலாம். அவன் தனி அறையைத் தேர்ந்தெடுத்தான். எட்டு நிமிஷப் பேச்சுக்கு 20 நிமிஷம் ஆயிற்று. வாக்கியம் முடியும்வரை காத்திருந்தேன், நடுவில் வார்த்தையை எடுத்துக்கொடுக்கவில்லை. திக்கியதற்கு ஒரு மார்க்கும் குறையவில்லை. என் அட்டவணையில் வேகத்துக்கு என்று கட்டமே கிடையாது.

உன் ஆசிரியரிடம் நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால், இந்தப் பக்கத்தை வெட்டி, இந்த மூன்று வழியில் உனக்கு எது சரிவரும் என்று அடிக்கோடு போட்டு, அவர் மேஜையில் வைத்துவிட்டு வா. செமஸ்டர் தொடங்கின முதல் வாரத்திலேயே வை. கடைசி வாரம்வரை காத்திருக்காதே.